வளைவுக்கு வெள்ளையடிப்பதா வரலாறு?

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் சில காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. இப்பகுதியின் பழைய நாடக, சினிமாச் செல்வங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் வேண்டுமாம். நல்ல காரியம்; நாமும் வரவேற்கிறோம். ஆனால் இதை முன்னின்று பேசும் கனவான்கள் முதல் வேலையாக எதைச் சொல்கிறார்கள்? ஸ்டூடியோ அதிபர் ஒருவரின் படத்திறப்பு விழா. நட்சத்திரங்களின் போட்டோக் கண்காட்சி. செலவுக்குக் கம்பெனி நன்கொடை, திறந்து வைக்க ஒரு மந்திரி. முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். சங்கம் பிறக்கும் முன்பே கோணல் தெரிகிறது.

இன்று நாம் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை தர்மபுரி மாவட்டம். 1965 வரை சேலம் மாவட்டம். ஆகவே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் கதை நமக்கு அயலூர்க் கதையல்ல. டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய அந்த ஸ்தாபனம் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. 1956-ல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழு வண்ணப் படம். சுந்தரத்தின் திறமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இன்று அந்த இடத்தில் எஞ்சி நிற்பது என்ன? ஏற்காடு சாலையோரம் நுழைவு வளைவு ஒன்று. உள்ளே வீடுகள். வளைவைக் காப்பாற்றக் குரல் எழுகிறது, எழட்டும். அந்த வளைவுக்குள் தினமும் நுழைந்த தச்சர், எலக்ட்ரீஷியன், லைட்பாய், சண்டையில் எலும்பு முறிந்த ஸ்டண்ட் ஆள் ஆகியோரின் பெயர்ப் பட்டியலை எந்தக் கண்காட்சியில் பார்த்தோம்? அதைக் கேட்டால் கனவான்கள் நம்மை விநோதமாகப் பார்க்கிறார்கள்.

தமிழ் சினிமாவின் ஆரம்ப காலப் படங்களில் பெரும்பாலானவை எங்கே? 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப் படம் ‘கீசக வதம்’, அதுவும் இல்லை. நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பற்றும் என்பது உண்மையே. ஆனால் தீ மட்டுமா காரணம்? ஓடி முடிந்த படத்தால் இனி வசூல் இல்லை என்றானதும், சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பழைய பிரதிகளைக் கழுவி விற்றதும் இந்த நாட்டில்தான் நடந்தது. லாபம் பிறப்பித்த கலையை லாபமே விழுங்கிற்று. சர்க்கார் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைத்ததோ 1964-ல்தான்!

பின் காப்பாற்றியவர்கள் யார்? கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு 1994-ல் அதுவே சென்னையில் பெரும் ஆராய்ச்சி நூலகமாயிற்று. படம் படமாகத் தகவல் திரட்டியவர் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன். ஏன், 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரத்தில் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்டும் திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர்தான். இவர்கள் எவரும் மந்திரிக்காகக் காத்திருக்கவில்லை.

இன்னொரு கூட்டமும் இந்தச் சங்கத்தில் கால் வைக்கப் பார்க்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் ‘தமிழ்ச் சினிமா மட்டும்’ என்பவர்கள்; அந்தப் பக்கம் ‘கன்னடம் மட்டும்’ என்பவர்கள். இருவருக்கும் வரலாறு தெரியாது. ‘முதல் தமிழ்ப் பேசும் படம்’ என்ற ‘காளிதாஸ்’ பம்பாயில் தயாரானது, அதில் டி.பி.ராஜலட்சுமி தமிழ் பேசினார், உடன் நடித்தவர் தெலுங்கு பேசினார். முதல் கன்னடப் பேசும் படம் ‘சதி சுலோசனா’ 1934-ல் கோலாப்பூரில் எடுக்கப்பட்டது. முதல் மலையாளப் பேசும் படம் ‘பாலன்’ 1938-ல் நமது சேலத்தில் பிறந்தது. கன்னட மக்கள் கொண்டாடும் ராஜ்குமார் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். அவருடைய சொந்த ஊர் காஜனூர், இன்றைய ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பகுதியில் இருக்கிறது! கனவான்கள் இவரை எந்த அலமாரியில் வைப்பார்களோ?

இது வெறும் ஏட்டுப் பிரச்னையல்ல. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறின்போது பெங்களூரில் தமிழகப் பஸ்கள் டஜன் கணக்கில் எரிந்தன. ஜூஜூவாடியில் இறங்கி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லையை நடந்து கடந்தவர்கள் யார்? உழைப்பாளி மக்கள். 2025 ஜூனில் ஒரு நடிகரின் பேச்சைச் சாக்கிட்டு ‘தக் லைஃப்’ படம் கர்நாடகத்தில் திரைக்கே வரவில்லை. நஷ்டம் நட்சத்திரத்துக்கு மட்டுமா? தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசும் ஓசூரில் ஒரு மொழிக்கு மட்டும் சங்கம் வைப்பது அடுத்த கலவரத்துக்கு விறகு அடுக்குவதாகும்.

நாடகம் என்றதும் இவர்களுக்கு நினைவு வருவது சபா மேடை. நம் பகுதியில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் மண்ணில் கிடத்திய துரியோதனன் படுகளம். எல்லைக்கு அப்பால் மூடலபாய ஆட்டமும் அதே பாண்டவர் கதையை இரவெல்லாம் ஆடுகிறது. விடியவிடிய ஆடுகிற கலைக்கு, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று விதி. ஊர்ப் பெரிய மனிதரின் திருவிழாக் கச்சேரிக்கு வளைகிற விதி, கூத்து ஜமா வந்தால் விறைத்துக்கொள்கிறது. நேற்று கர்ணன் வேஷம் கட்டியவர் இன்று தொழிற்பேட்டை வாசலில் ஒப்பந்தக் கூலியாக அட்டை நீட்டி நிற்கிறார். அந்த மனிதரே ஆவணம்! அவர் தலைக்குள் இருக்கும் பாட்டு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவரை விட்டுவிட்டு அவருடைய கிரீடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம்.

தியேட்டர் ஆபரேட்டர்கள் கதையும் இதுவே. கார்பன் குச்சி எரியும் வெப்பத்தில் ஆயுளைக் கழித்தவர்கள். டிஜிட்டல் வந்தது, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேலை போயிற்று. மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போனது. ஆள் வீட்டுக்குப் போனார்.

நம் தோழர்கள் சிலரும் கேட்கிறார்கள்: “ஒப்பந்தத் தொழிலாளர் போராட்டம் இருக்கும்போது இந்தச் சினிமா வேலை நமக்கு எதற்கு?” இது தவறான அபிப்பிராயம். வெள்ளையன் 1876-ல் நாடகச் சட்டம் கொண்டுவந்தது சும்மாவா? மேடையில் தேசியப் பாட்டுப் பாடியதற்காக விசுவநாத தாஸ் எத்தனை முறை சிறை போனார்! 1940 டிசம்பரில் மேடையிலேயே உயிர்விட்டார். காங்கிரஸ் ஆட்சியில் 1954-ல் சென்னை ராஜ்யத்துக்கென்று தனி நாடகச் சட்டம் வந்தது. உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது 2013-ல். எதிரிக்கு மேடையின் பலம் தெரிந்திருக்கிறது, தோழர்களே! 1960-ல் நிமாய் கோஷ் இயக்கி, எம்.பி.சீனிவாசன் இசையமைத்த ‘பாதை தெரியுது பார்’ படத்தை எழுப்பியவர்கள் நம்மவர்கள்தாம். அதே இருவரும் சினிமாத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டவும் பாடுபட்டார்கள். கலையும் சங்கமும் அவர்களுக்கு இரண்டு வேலையாக இருக்கவில்லை.

ஆகவே சங்கத்தை விட்டு நாம் விலகக் கூடாது. உறுப்பினராகச் சேர வேண்டும்; கமிட்டியில் கூத்து வாத்தியாருக்கும் ஓய்வுபெற்ற ஆபரேட்டருக்கும் இடம் கேட்க வேண்டும். நடவடிக்கைக் குறிப்பு தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இருக்கட்டும். படத்திறப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதமே தேன்கனிக்கோட்டைக்கும் பாகலூருக்கும் இரண்டு இரண்டு பேராகப் போகட்டும். கையில் நோட்டு, கூடவே பதிவு செய்ய ஒரு செல்போன் போதும். டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழித்தவர், முகவீணை வாசித்தவர், மாட்டுவண்டியில் நோட்டீஸ் விசிறியவர் ஆகியோரைத் தேடி, பெயர், ஊர், வாங்கிய கூலி ஆகியவற்றை எழுதி வாருங்கள். கூலியை மறக்காமல் எழுதுங்கள்; கண்காட்சிக்காரர்கள் அதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.