கடைசியாக வருபவர்களின் சார்பில்

முயலும் ஆமையும் பந்தயம் ஓடிய கதையை அறியாதவர் நம் பள்ளியில் ஒருவரும் இலர். எல்.கே.ஜி.யில் படம் பார்த்துக் கேட்டோம். பிறகு ஆங்கிலத்தில் படித்தோம். நன்னெறி வகுப்பில் மறுபடியும் கேட்டோம். மெதுவாக ஓடும் பிள்ளைகளுக்கு ஆறுதல் கூற விரும்பும் பெரியவர்கள் எல்லாரும் இன்றளவும் அந்த ஆமையையே அழைத்து வருகிறார்கள். ஆனால் அக்கதையில் முயல் தூங்கிப்போயிற்று என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எங்கள் வகுப்பு முயல்கள் தூங்குவதில்லை. விசில் ஊதியதும் சிட்டாய்ப் பறந்து, எல்லைக் கயிற்றைத் தொட்டு, மூச்சு வாங்கி, தண்ணீரும் குடித்து முடிக்கும் வேளையில்தான் நாங்கள் பாதித் தூரத்தைக் கடக்கிறோம். ஆகவே ஆமையை ஓய்வெடுக்க விட்டுவிட்டு, இதை வேறு விதமாகப் பேசலாம் என்று எண்ணுகிறோம்.

'நாங்கள்' என்பது யார் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்தாறு பேர் இருக்கிறோம். சிலர் பருமனாக இருப்போம். சிலர் ஒல்லிக்குச்சியாக இருந்தும் ஓட வராது. 'பாசஞ்சர் வண்டி', 'கட்டை வண்டி', 'அம்மி' என்ற பட்டப் பெயர்கள் எங்களுக்கு உண்டு. பி.டி. பீரியடில் அணி பிரிக்கும்போது கடைசி இருவராக நிற்பவர்கள் நாங்களே. ரிலே ஓட்டத்தில் எங்கள் கைக்குப் பேட்டன் வந்தால் பச்சை அணி முழுவதும் "ஐயோ" என்று ஒரே குரலில் சொல்லும். படிப்பில் பின்தங்கிய மாணவியின் மதிப்பெண் அவளுக்கும் ஆசிரியைக்கும் மட்டுமே தெரியும். எங்களுடைய மதிப்பெண்ணோ சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானத்தின் நடுவில், ஆயிரம் பேர் முன்னிலையில், ஓடி ஓடிக் காட்டப்படுகிறது.

மெதுவாக ஓடுவது வேறு, அதற்காகக் கூசிப்போவது வேறு. ஐந்து வயதில் நாங்கள் இதைவிட மெதுவாகத்தான் ஓடினோம். அப்போது யாரும் கூசவில்லை. விழுந்தோம், எழுந்தோம், சிரித்தோம். கூச்சம் வந்தது ஆறாம் ஏழாம் வகுப்பில். உடல் வளர்கிறது, ஓடும்போது அது அசைகிறது, யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம் கால்களைவிட வேகமாக ஓடி முன்னால் போய் நிற்கிறது. கைகளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடும் பெண்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஓடினால் உசைன் போல்ட்டும் கடைசியாகத்தான் வருவார்.

பிறவியிலேயே சிலருக்கு வேகம் உண்டு, சிலருக்கு இல்லை என்று அறிவியல் கூறுகிறது. தசைகளில் இரு வகை நார்கள் உள்ளன. ஒரு வகை சட்டென்று இழுத்து விரைவில் களைத்துவிடும். மற்றொரு வகை மெதுவாக இழுத்து நெடுநேரம் தாங்கும். எது எவ்வளவு இருக்கும் என்பதில் பெற்றோர் வழி வந்த மரபுக்கும் பெரும் பங்குண்டு. எனவே நூறு மீட்டரில் தோற்பவள் ஐந்து கிலோமீட்டரில் நன்றாக ஓடக்கூடும். ஆனால் ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பார்க்க யார் எங்களை விட்டார்கள்?

இரத்தசோகை இன்னொரு காரணம். தசைகளுக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச் சத்து வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஐந்து பேரில் மூவர்! ஒரு சுற்று முடிவதற்குள் நெஞ்சு அடைத்து நிற்கும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் அவளுடைய இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது அன்றோ? பள்ளிகளில் வாரம் ஒரு முறை கொடுக்கப்படும் இரும்புச் சத்து மாத்திரை எத்தனை சன்னல்களுக்கு வெளியே போய் விழுகிறது என்பதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், அதை விடுவோம்.

இனி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஆண்டு மலரில் பி.டி. உஷாவைப் பற்றி எழுதாத ஆண்டு குறைவு. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தவர் அவர். அவரை நாங்களும் போற்றுகிறோம். ஆனால் உலகத்தில் நான்காவதாக வந்தவர் எங்களுக்கு உறவாக மாட்டார்! எங்கள் உறவினர் கடலுக்கு அப்பால், பக்கத்துத் தீவில் இருந்தார். அவர் பெயர் ரணதுங்க கருணானந்த. அன்று சிலோன் என்று அழைக்கப்பட்ட இலங்கையிலிருந்து 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்றவர்.

அக்டோபர் 14 அன்று பத்தாயிரம் மீட்டர் ஓட்டம். மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் யாரும் எதிர்பாராத வகையில் கடைசி நேரத்தில் பாய்ந்து, 28 நிமிடம் 24.4 விநாடியில் தங்கம் வென்றார். அரங்கமே அதிர்ந்தது. ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் வந்து சேர்ந்தனர். ஓட்டம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருக்க, 67 என்ற எண் அணிந்த ஒருவர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தார். எல்லைக்கோட்டுக்கு வந்தார், நிற்கவில்லை, தாண்டி ஓடினார். அவருக்கு இன்னும் சுற்றுகள் மீதம் இருந்தன.

பார்த்தவர்களில் பலர் முதலில் சிரித்தார்கள், கேலிக் குரல் எழுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. அவர் மறுபடியும் சுற்றி வந்தபோது சிரிப்பு அடங்கிற்று. கடைசிச் சுற்றில் அரங்கம் முழுவதும் கைதட்டியது. தங்கம் வாங்கியவருக்குத் தட்டியதற்குக் குறையாமல் தட்டியது. மில்ஸ் முடித்து ஏறக்குறைய ஆறு நிமிடங்களுக்குப் பின் கருணானந்த முடித்தார். ஜப்பானியர் அவரை மறக்கவில்லை. 1970-களில் அவர்கள் நாட்டுப் பள்ளிப் பாடநூலில் 67-ஆம் எண் ஓட்டக்காரரின் கதை பாடமாக வைக்கப்பட்டது. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய எத்தனையோ பேரின் பெயர் அங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியாமல் போயிருக்கும். கடைசியாக வந்த நம் அண்டை நாட்டவர் அவர்களுடைய வகுப்பறைக்குள் போய் அமர்ந்தார்.

இதைப் படித்தவுடன் "மனத்துணிவு இருந்தால் போதும்" என்று எங்களுக்கு அறிவுரை கூற யாரேனும் முன்வரலாம். சற்றுப் பொறுங்கள். நாங்கள் இதில் பார்ப்பது வேறொன்று. கருணானந்த சிரிப்புக்கு நடுவில் ஓடினார் என்பது எவ்வளவு உண்மையோ, அவர் முடிக்கும்வரை அந்தத் தடத்தை யாரும் மூடவில்லை என்பதும் அவ்வளவு உண்மை. அதிகாரிகள் அவரைக் கையைப் பிடித்து வெளியே அழைக்கவில்லை. அடுத்த போட்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. எங்களுக்கு நடப்பதோ என்ன? முதல் மூவர் கயிற்றைத் தொட்டவுடன் கயிறு சுருட்டப்படுகிறது. நாங்கள் வரும்போது எல்லைக்கோட்டின் மீது சாக்கு ஓட்டத்துக்கான சாக்குகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சாக்குகளைச் சுற்றிக்கொண்டு போய் நாங்கள் பந்தயத்தை முடிக்கிறோம். எங்கே முடித்தோம் என்பது எங்களுக்கே தெரிவதில்லை.

பார்ப்பவர்களின் கண் எவ்வளவு வல்லமை உடையது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதல் முறையாக எண்ணூறு மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையுடன் வென்றார். ஓடி முடித்த பெண்கள் சிலர் களைத்துப் புல்லில் சாய்ந்தார்கள். ஆண்களும் அப்படித்தான் சாய்வார்கள், அது செய்தியாகாது. ஆனால் பெண்கள் களைத்திருந்த காட்சி சிலருடைய கண்ணுக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அந்தப் பந்தயமே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 1960-ஆம் ஆண்டு ரோமில்தான் திரும்பி வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் பிறந்து வளர்ந்து முதுமை அடைந்த பெண்களின் கால்களில் ஒரு குறையும் இல்லை. பெண்களுக்கான மாரத்தான் 1984-இல்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதில் சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெயிலில் சோர்ந்து, தள்ளாடியபடி அரங்கத்துக்குள் நுழைந்து, கடைசி ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டார். மருத்துவர்கள் பக்கத்தில் கவனித்தபடி நடந்தார்கள், தடுக்கவில்லை. முப்பத்தேழாவது இடம். வென்றவரின் பெயரோடு அவர் பெயரும் இன்றுவரை பேசப்படுகிறது.

நம் அசோக் நகருக்கு வருவோம். நூறடிச் சாலையில் மேலே மெட்ரோ ரயில் போகிறது, கீழே வண்டிகள் பாய்கின்றன. அசோகத் தூண் மேல் இருக்கும் சிங்கங்கள் மட்டுமே இங்கே அவசரப்படாமல் இருக்கின்றன. அவற்றை யாரும் கேலி செய்ததாகத் தெரியவில்லை. இந்தத் தெருக்களில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடினால், "பஸ்ஸைத் தவறவிட்டாயா?" என்று கேட்பார்கள், அல்லது கேட்கக் கூடாததைக் கேட்பார்கள். ஆக, எங்களுக்கு ஓடுவதற்கு உள்ள ஒரே இடம் பள்ளி மைதானம். அதிலும் பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் கடன் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய கடனைக் கணக்கு ஆசிரியைகள் திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை.

காலை ஆறு மணிக்கு இங்குள்ள பூங்காக்களைப் பாருங்கள். சேலைக்கும் சுடிதாருக்கும் கீழே கான்வாஸ் ஷூ அணிந்து எத்தனை அம்மாக்கள், எத்தனை பெரியம்மாக்கள் நடக்கிறார்கள்! சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் நடக்கிறார்கள். அவர்களில் பலரிடம் நாங்கள் பேசிப் பார்த்தோம். "நான் ஸ்கூலிலே ஸ்போர்ட்ஸே கிடையாதும்மா. எனக்கு ஓட வராது" என்றே பெரும்பாலோர் கூறினர். பன்னிரண்டு வயதில் 'எனக்கு வராது' என்று விட்டுவிட்டதை நாற்பத்தைந்து வயதில் மருந்துச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில் உடலை அசைப்பதில்லை. வேகமாக ஓடும் பதினைந்து பேரைப் பற்றிப் பள்ளிகள் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்கள் சொல்லாமலே ஓடுவார்கள். மீதமுள்ள எண்பத்தைந்து பேருக்காகத்தானே பி.டி. பீரியட் இருக்க வேண்டும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எங்களுக்குப் பரிசு வேண்டாம். 'பங்கேற்றதற்கு' என்று அச்சடித்த சான்றிதழும் வேண்டாம். எல்லாருக்கும் கோப்பை கொடுத்தால் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்து வென்ற தோழிக்கு என்ன மதிப்பு? முதலில் வந்தவள் மேடையில் ஏறட்டும். நாங்கள் கை வலிக்கத் தட்டுவோம். அப்படியே, எங்கள்மேல் இரக்கப்பட்டு எலுமிச்சம்பழம் தூக்கும் வேலையையும் ஸ்கோர் எழுதும் வேலையையும் ஒவ்வோர் ஆண்டும் எங்களுக்கே ஒதுக்கித் தருவதையும் நிறுத்த வேண்டும். எங்கள் கையெழுத்து அழகாக இருப்பதால்தான் என்று சொல்கிறார்கள். நம்பிவிட்டோம்!

எங்கள் பி.டி. மிஸ் அவர்களிடமும், தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களிடமும் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறோம். ஜூன் மாதத்தில் ஒவ்வொரு மாணவியும் ஒரு சுற்று ஓட எடுக்கும் நேரத்தை அவளுடைய நோட்டிலேயே குறித்து வைத்து, டிசம்பரில் மறுபடி குறிக்கலாம். இரண்டரை நிமிடம் எடுத்தவள் இரண்டேகால் நிமிடத்துக்கு வந்தால் அது அவளுக்கும் மிஸ்ஸுக்கும் தெரிந்தால் போதும். நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடை வாரம் ஒன்றாவது கணக்குக்குக் கடன் கொடாமல் காக்கலாம். பொதுத் தேர்வு எழுதுபவர்களுக்கும் நுரையீரல் உண்டு. மூன்றாவது, விளையாட்டு விழாவில் ஒரே ஒரு நீண்ட ஓட்டம் வைக்கலாம். மைதானத்தை எட்டுச் சுற்று. விரும்பியவர்கள் எல்லாரும் ஓடலாம், நடக்கவும் செய்யலாம். அணிக்குப் புள்ளி கிடையாது. கடைசிப் பெண் வந்து சேரும்வரை கயிற்றைச் சுருட்டக் கூடாது, பாண்டு வாத்தியம் நிற்கக் கூடாது.

நேரம் அதிகமாகும் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். நம் மைதானத்தில் எட்டுச் சுற்று ஓட, எங்களிலே மிக மெதுவானவளுக்கு இருபது நிமிடம் போதும். சென்ற ஆண்டு வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் சேர்த்து ஆன நேரம் நாற்பது நிமிடம். பெயர் கொடுப்பதற்கு இப்போதே பத்தாம் வகுப்பில் நால்வரும் ஒன்பதாம் வகுப்பில் ஏழு பேரும் இருக்கிறோம்.