காடு என்பது எது?



கொங்கு நாட்டு விவசாயி ஒருவர், "காட்டுக்குப் போய் வருகிறேன்" என்று கூறிப் புறப்பட்டால், அவர் யானையும் புலியும் உலவும் வனத்திற்குச் செல்கிறார் என்பது பொருளன்று. தமது சோளக் கொல்லைக்குத்தான் செல்கிறார். காடு என்னும் ஒரே சொல் நம் மொழியில் வனத்தையும் குறிக்கும். புன்செய் நிலத்தையும் குறிக்கும். வீட்டுத் திண்ணைப் பேச்சில் இதனால் இடர் ஏதும் விளைவதில்லை. ஆனால், சட்டத்திலும் அரசாங்கக் கணக்கேட்டிலும் இச்சொல் இடம்பெறும்போது, அதன் பொருளைப் பொறுத்தே ஒரு நிலத்தின் தலைவிதி அமைகின்றது. மனைப் பத்திரத்தில் நான்கெல்லை பிழையாக எழுதப்பட்டால் அந்த வீட்டார் படும் பாட்டை நாம் அறிவோமல்லவா? காட்டின் நிலையும் அதுதான்.

நம் நாட்டில் காடுகளைக் காப்பதற்கென 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மத்திய அரசின் ஒப்புதலின்றிக் காட்டை வேறு பயனுக்கு மாற்றலாகாது என்பது அதன் சாரம். வியப்பு என்னவென்றால், காடு என்பது எது என்று அச்சட்டம் வரையறுக்கவே இல்லை.

இக்குறை வெளிப்பட்ட இடம் நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். அங்கே மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு பொறாத நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு என்பவர், 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12ஆம் நாள் நீதிமன்றம் பிறப்பித்த ஆணை வரலாற்றுச் சிறப்புடையது. காடு என்னும் சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும். நிலத்தின் உரிமையாளர் யாராயினும் அச்சட்டம் பொருந்தும். அரசுப் பதிவேட்டில் காடென்று பதிவான நிலத்துக்கும் பொருந்தும் என்று அது தீர்ப்பளித்தது. ஒரு சொல்லுக்குச் சொன்ன விளக்கத்தால், எந்தப் பட்டியலிலும் இல்லாத எத்தனையோ காடுகள் பாதுகாப்பினுள் வந்தன.

2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்திற்று. முறைப்படி காடென அறிவிக்கப்பட்டவையும், 1980 அக்டோபர் 25 அன்றோ அதன் பின்னரோ அரசுப் பதிவேட்டில் காடென இடம்பெற்றவையும் மட்டுமே இச்சட்டத்தினுள் அடங்கும் என்பது புதிய எல்லை. பதிவேட்டில் ஏறாத காடுகள் என்னாகும் என்ற கேள்வி எழுந்தது. வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றம் சென்றது. 2024 பிப்ரவரி 19 அன்று நீதிமன்றம், பதிவேடுகள் ஒழுங்குபடுத்தப்படும் வரையில் 1996ஆம் ஆண்டின் பொருளையே பின்பற்றுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது.

இது சட்டத்தின் கதை. கணக்கின் கதை வேறு.

டேராடூனில் உள்ள இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் வனப்பரப்பை அளந்து வருகின்றது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்தில், மரங்களின் கவிகை பத்து விழுக்காட்டுக்கு மேல் நிழல் பரப்பினால் அது வனப்பரப்பு என்று கொள்ளப்படும். மரம் எந்த இனம், நிலம் யாருடையது என்பன கேட்கப்படுவதில்லை. ஆகவே, ஒருவர் வைத்திருக்கும் மாந்தோப்பும் வனப்பரப்பே. மூங்கில் தோப்பும் வனப்பரப்பே. கண்மாயை அடைத்து மண்டிய சீமைக் கருவேலமும் அந்த அளவை எட்டினால் வனப்பரப்பே. 2024 டிசம்பரில் வெளிவந்த அறிக்கை, நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது நிலப்பரப்பில் 21.76 விழுக்காடு என்று கூறுகின்றது. அத்தொகையை வாசிக்கும்போது இந்த வரையறையையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமோ அரை ஹெக்டேர் நிலம், ஐந்து மீட்டர் உயரம், பத்து விழுக்காடு கவிகை என்று வரையறுக்கின்றது. அது பழத்தோட்டத்தைக் காடு அல்லவென்று விலக்குகின்றது. ரப்பர் தோட்டத்தைக் காடென்று சேர்க்கின்றது!

இவ்வளவைகளைப் பொய்யென்று தள்ளிவிட இயலாது. நாடு முழுவதையும் ஒரே கோலால், மீண்டும் மீண்டும் அளப்பதற்கு இத்தகைய எளிய வரையறை தேவைதான். ஆனால், நிழலை அளக்கும் கோல் நிலத்தின் உயிரை அளப்பதில்லை. மரம் மட்டுமே காடு என்று நாம் எண்ணத் தொடங்கும்போதுதான் கேடு விளைகின்றது.

நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளைப் பாருங்கள். மடுக்களில் அடர்ந்த சோலை. சரிவுகளில் பரந்த புல்வெளி. இதுவே அம்மலைகளின் இயற்கை. இன்று உலகெங்கும் விஞ்ஞானிகள் இக்காட்டை நம் தமிழ்ச் சொல்லால் 'சோலை' என்றே அழைக்கின்றனர். தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும், நம் மாநில விலங்கான வரையாடு வாழ்வதும் அப்புல்வெளியில்தான். ஆயினும் ஆங்கிலேய அதிகாரிகளின் கண்ணுக்கு அது மரமற்ற வீண் நிலமாகத் தோன்றிற்று. 1840களிலிருந்து கற்பூர மரமும் வாட்டில் மரமும் அங்கே நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் அது தொடர்ந்தது. தோல் பதனிடுவதற்கு வாட்டில் பட்டை எத்துணை பயன்பட்டது என்பதை ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

விளைவு என்ன? பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாக ஆய்வு கூறுகின்றது. நீலகிரியின் கிளென்மார்கன் பகுதியில் புல்வெளியையும் கற்பூர மரத் தோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மரம் நட்ட நிலத்திலிருந்து வடியும் நீர் முதல் சுழற்சியிலேயே ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்திருந்தது. கணக்கேட்டில் பசுமை கூடிற்று. ஓடையில் நீர் குறைந்தது. பவானிக்கும் மோயாற்றுக்கும் நீர் தரும் மலை அது என்பதை நினைவிற் கொள்க. 2022ஆம் ஆண்டு தமிழக அரசு, அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட நேர்ந்தது. பொதுப்பணத்தில் நட்டதைப் பொதுப்பணத்திலேயே பிடுங்க வேண்டிய நிலை!

அதே 2022ஆம் ஆண்டில்தான், மாநிலத்தின் காடு, மரப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் பசுமைத் தமிழகம் இயக்கமும் தொடங்கப்பட்டது. நோக்கம் நன்று. அதில் நம் ஜமாஅத்துகளும் பள்ளிகளும் மகளிர் அமைப்புகளும் பங்கேற்பதும் நன்று. ஆனால், மரக்கன்றைக் கையில் எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்நிலம் முன்பு என்னவாக இருந்தது? இம்மண்ணுக்குரிய மரம் இதுதானா? நட்ட பின் மூன்று கோடைகளுக்கு இதற்கு நீர் ஊற்றுபவர் யார்?

தெருவோரத்திலும், பள்ளிக்கூட வளாகத்திலும், வீட்டுக் கொல்லையிலும் வேம்பையும் புங்கனையும் தாராளமாக நடுங்கள். மேய்ச்சல் புறம்போக்கையும் புல்வெளியையும் வெற்றிடம் என்றெண்ணி நிரப்பிவிடாதீர்கள். ஆடு மேய்ப்பவரும் அங்கே கூடு கட்டும் பறவையும் அதை வெற்றிடமென்று கருதுவதில்லை.

உங்கள் ஊர்ப் பகுதியில் காடு எவ்வளவு என்று செய்தித்தாள் கூறும்போது, எதைக் காடென்று எண்ணினார்கள் என்றும் கேட்கப் பழகுங்கள். பிள்ளைகளையும் கேட்கப் பழக்குங்கள். நூறாண்டுச் சோலையை வெட்டிவிட்டு வேறோரிடத்தில் கன்றுகளை நட்டுக் கணக்கை நேர் செய்யலாம். அச்சோலையிலிருந்து வந்த ஓடையை எந்தக் கணக்கும் திருப்பித் தராது.

சிந்தியுங்கள், சகோதர சகோதரிகளே!