பெற்றவர் பொறுமை

வயது வந்த குழந்தை காதலால் மனம் நோவதைக் காணும் பெற்றோர் என்னதான் செய்வது? கொங்கு நாட்டிலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஸ்தாபித்த ராஜாஜி, தாயில்லாத தம் புதல்வி லக்ஷ்மியுடன் அங்கே வசித்தார். காந்தியடிகளின் இளைய குமாரர் தேவதாஸும் லக்ஷ்மியும் ஒருவரையொருவர் விரும்பினர். ஜாதி வேறு, பாஷை வேறு. லக்ஷ்மிக்கோ வயது 15. ஐந்து வருஷம் பிரிந்திருந்து, பிறகும் மனம் மாறாவிடில் விவாகம் செய்துகொள்ளலாம் என்று இரு தகப்பனாரும் கூறிவிட்டனர். நிபந்தனை விதிப்பது எளிது. மகளின் வாட்டத்தை வருஷக்கணக்கில் பார்த்திருப்பது எளிதா? 1933 ஜூன் 16-ந் தேதி பூனாவில் விவாகம் இனிதே நடந்தது. எல்லாக் காதலும் இப்படி முடிவதில்லை. ஆயினும் பரிகசிக்காமலும், கதவை அடைத்துவிடாமலும் கூடவே இருப்பது பெற்றோரால் ஆகக்கூடியதே என்பது நமது அபிப்பிராயம்.