சிங்கப்பூர் பெர்மிட்டும் விகிதாசாரமும்

சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்குப் பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் வீடுகளில் "கோட்டா" என்கிற வார்த்தை அடிபடாத நாளே இல்லை. தரகன் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு, "கம்பெனியில் கோட்டா இருக்கிறது, பணத்தைக் கொடுத்தால் பையன் பேரைப் போட்டுவிடுகிறேன்" என்கிறான். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் "கோட்டா முடிந்துபோய்விட்டது, கொஞ்சம் பொறுங்கள்" என்கிறான். தாயார் ஜோசியனிடம் ஓடுகிறாள். அவன் சனி பார்க்கிறான் என்கிறான். சனிக்கும் சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்கும் என்ன சம்மந்தமோ நமக்குத் தெரியாது. ஆனால் கோட்டா என்பது நான்காம் வகுப்புப் பையன் போடக்கூடிய கணக்கு என்பது மாத்திரம் நமக்குத் தெரியும்.

விகிதாசாரம் என்பது நமது வாசகர்களுக்குப் புதிய வார்த்தையல்ல. ஒரு கம்பெனியில் உள்ள மொத்த ஆட்களில் இத்தனை பேருக்குமேல் வெளிநாட்டுத் தொழிலாளி இருக்கக்கூடாது என்பதே அங்குள்ள சட்டம். ஓட்டல், கடை முதலிய சேவைத் தொழில்களில் 100க்கு 35. தொழிற்சாலையில் 100க்கு 60. அதாவது ஓட்டல்காரர் ஒருவர் உள்ளூர் ஆட்கள் 13 பேரை வைத்திருந்தால் வெளியாட்கள் 7 பேரை வைத்துக்கொள்ளலாம். எட்டாவது ஆளுக்கு இடமில்லை. கட்டிட வேலையிலோ ஓர் உள்ளூர் ஆளுக்கு 7 வெளியாள் என்றிருந்ததை, 2024 ஜனவரி முதல் ஓர் ஆளுக்கு 5 என்று குறைத்துவிட்டார்கள். 10 உள்ளூர் ஆட்களைக் காட்டி 70 பேரை வைத்திருந்த கம்பெனிக்கு அதன்பின் 50 பேர்தான்.

உள்ளூர் ஆள் என்றால் யார்? அந்நாட்டுப் பிரஜை அல்லது நிரந்தரவாசியாக இருந்து, மத்திய சேமநிதிக்குப் பணம் கட்டப்படுபவன். அதிலும் 2024 ஜூலை ஏற்பாட்டின்படி மாதம் 1,600 வெள்ளி சம்பளம் வாங்கினால்தான் முழு ஆள். 800 வெள்ளிக்குமேல் 1,600க்குள் வாங்கினால் அரை ஆள். 800க்குக் கீழே வாங்கினால் ஆளே அல்ல! ஆகவே "கோட்டா இருக்கிறது" என்பது தரகன் மடியில் கட்டிக்கொண்டு வரும் சரக்கு அல்ல. முதலாளியின் சம்பளக் கணக்கில் எத்தனை உள்ளூர் ஆள் இருக்கிறான் என்பதைப் பொறுத்தது. இன்று அங்கே நாலு பேர் வேலையை விட்டுவிட்டுப் போனால், நாளை இங்கிருந்து போனவனுடைய பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாமல் போகும். அவன் யாதொரு குற்றமும் செய்திருக்கமாட்டான்.

கணக்கு உள்ள இடத்தில் பொய்க் கணக்கும் உண்டல்லவா? வேலைக்கே வராத கிழவர், கிழவிகளின் பேருக்குச் சேமநிதி கட்டி, இவர்களெல்லாம் நமது ஆட்கள் என்று காட்டிக் கோட்டாவைப் பெருக்கும் முதலாளிகள் அங்கே தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட பொய்யின்மேல் வாங்கிய பெர்மிட் நிலைப்பது எப்படி? முதலாளி அபராதத்தைக் கட்டிவிட்டுத் தன் ஊரிலேயே இருப்பான். நிலத்தை விற்றுப் போனவனுக்கோ பெர்மிட்டும் இல்லை, நிலமும் இல்லை.

நிற்க. ஒரு நாடு தன் தொழிலாளியின் பிழைப்பைக் காப்பதற்காக வெளியாருக்கு அளவு வைப்பதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. இது புதிய வழக்கமுமல்ல. 1930ல் ரப்பர் விலை விழுந்தபோது, வெள்ளைக்கார சர்க்கார் சீன ஆண் தொழிலாளிகளுக்கு மாதம் இத்தனை பேர் என்று எண்ணிக்கை வைத்தது. இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளாக இருந்தபடியால் அந்தக் கணக்கில் சேரவில்லை. இன்று சேர்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் நாம் கேட்பது ஒன்று. இந்தத் தலைக்கணக்கு யார் தலைக்கு? வொர்க் பெர்மிட்காரனுக்கும், அவனுக்குச் சற்று மேலான எஸ் பாஸ்காரனுக்கும் உண்டு. 2025 முதல் குறைந்தபட்சம் 5,600 வெள்ளி சம்பளம் பேசி எம்ப்ளாய்மெண்ட் பாஸில் போகும் படித்த உத்தியோகஸ்தனுக்குக் கிடையாது. அவனுக்குப் புள்ளி போட்டுப் பார்க்கிற பரீட்சை உண்டு என்றாலும், இத்தனை பேர்தான் என்கிற அளவு இல்லை. அவனுக்காக முதலாளி மாதவரி கட்டவேண்டியதும் இல்லை. சாரத்தில் ஏறிச் செங்கல் வைப்பவனுக்கோ, தேர்ச்சி குறைந்தவனானால் மாதம் 900 வெள்ளி, தேர்ச்சி பெற்றவனானால் 500 வெள்ளி வரி. அந்தத் தொண்ணூறு பத்து, புதிதாகப் போகும் அநேகருடைய அடிப்படைச் சம்பளத்திற்குக் குறைந்ததல்ல. வரியை முதலாளிதான் கட்டவேண்டும், கூலியில் பிடிக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் ஓர் ஆளுக்கு இவ்வளவு செலவு என்று கணக்குப் பார்க்கும் முதலாளி, அதில் எந்தப் பங்கைக் குறைக்கப் பார்ப்பான்? சர்க்கார் பங்கில் கைவைக்க முடியாதே!

இன்னொரு சங்கதி. வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்கும் முதலாளிக்கு அங்கே 30,000 வெள்ளி வரை அபராதமும் 2 வருஷம் வரை சிறையும் உண்டு. அங்குள்ள ஏஜெண்டு வாங்கக்கூடியதும், ஒரு வருஷ வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற அளவில், அதிகமாகப் போனால் இரண்டு மாதச் சம்பளந்தான். இவ்வளவும் தெரிந்துதான் "கோட்டா பணம்" என்று ஒரு புதுப்பேர் வைத்து நம் ஊரிலேயே, ரசீது இல்லாமல் வாங்கிக்கொள்ளுகிறார்கள்.

ஆகவே போகிறவர்கள் தரகனிடம் கோட்டா இருக்கிறதா என்று கேட்கவேண்டாம். பெர்மிட்டுக்கு முன்னனுமதி வந்த கடிதம் எங்கே என்று கேளுங்கள். சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். தொழிலாளி புறப்படுமுன் அவனுக்குத் தெரிந்த பாஷையில் அதைக் கொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை. போய்ச் சேர்ந்தபின் முதலாளி சரியில்லையென்றால், பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை உள்ள இடைக்காலத்தில், கட்டிட வேலைக்காரனுக்காக அவர் சம்மதமில்லாமலே வேறு முதலாளி விண்ணப்பம் போட இடமிருக்கிறது. அந்த நாட்களை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தரகன் சொல்லமாட்டான்.