ஆராய்ச்சி மணி எட்டும் தூரத்தில் வேண்டும்

நீதி கேட்டு வருவோர் அடிப்பதற்கென்று அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டிவைத்தான் மனுநீதிச் சோழன் என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் கதை. கன்றை இழந்த பசுவுக்கும் அந்த மணி எட்டியது. எட்டியதனாலேயே அது நீதியின் மணியாயிற்று. வாயிலில் இருக்க வேண்டிய மணியை எங்கோ தொலைவில் கட்டிவைத்துவிட்டு, "மணி இருக்கிறதே, வந்து அடியுங்கள்" என்பது நீதியாகுமா? வலப்பனைத் தோட்டங்களில் வாழும் நமது மக்கள் இன்று கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

பொது அதிகாரி ஒருவர் சட்டம் வகுத்த எல்லையை மீறி முடிவெடுப்பாராயின், அம்முடிவைத் தருவித்து ஆராய்ந்து நீக்குதற்கு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்குரிய கருவியே உறுதிகேள் எழுத்தாணை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 140ஆம் உறுப்புரையால் இவ்வதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளித்தது. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம், மாகாண சபை நிரலில் அடங்கிய விடயங்களைப் பொறுத்தவரை, மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் அதனை அளித்தது. கொழும்புக்குப் போக இயலாதவன் கண்டியிலேயே நியாயம் கேட்கலாம் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. அந்த நம்பிக்கை சோதிக்கப்பட்டதோ நமது பகுதியில்!

இராகலை, ஹல்கரனோயாவிலுள்ள ஸ்டாஃபோர்ட் தோட்டத்துக் காணியொன்றை விட்டு வெளியேறுமாறு ஒருவருக்கு அறிவித்தல் விடுக்கப்பட்டது. அவர் கண்டியிலமர்ந்த மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரினார். விசாரிக்க அதிகாரமில்லை என்றது அந்நீதிமன்றம். உண்டு என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு முடிவு கூறிற்று: அரச காணி மத்திய அரசுக்குரிய விடயம், மாகாண சபை நிரலுள் அது அடங்காது, ஆதலால் வெளியேறல் அறிவித்தலை நீக்கும் எழுத்தாணையை மாகாண மேல் நீதிமன்றம் வழங்க இயலாது. அறிவித்தல் சரியா தவறா என்பது ஒருபுறமிருக்க, எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிவதற்கே மூன்று நீதிமன்றங்கள் ஏற வேண்டியதாயிற்று.

நாம் தீர்ப்பை மதிக்கிறோம். ஆனால் அதன் விளைவு யார் தலையில் விழுகிறது என்பதைச் சொல்லாமலிருக்க முடியாது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றபோதும் நிலம் அரசின் நிலமே. எனவே தலைமுறை தலைமுறையாக லயத்திலும் அதனையடுத்த மரக்கறித் துண்டிலும் வாழ்ந்தவன்மேல் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டம் பாயக்கூடும். அச்சட்டம் எத்தகையது? தகுதிவாய்ந்த அதிகாரி இது அரச காணி, இவர் அதிகாரமின்றி இருக்கிறார் என்று கருதினாற் போதும்; முப்பது நாளுக்குக் குறையாத தவணையிட்டு அறிவித்தல் விடுக்கலாம். அறிவித்தலுக்கு எதிராக அவரிடம் முறையிட உரிமையில்லை. வெளியேறாதவனை நீதவான் நீதிமன்றத்துக்கு அழைப்பார்கள். அங்கே அவன் காட்டத்தக்க நியாயம் ஒன்றே ஒன்று: செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் எழுத்து மூலமான அதிகாரம். பாட்டன் நட்ட மரம் சாட்சியாகாது. வெளியேற்றும் கட்டளைக்கு மேன்முறையீடும் இல்லை. ஆகவே, அறிவித்தலின் சட்டபூர்வத்தை முழுமையாக ஆராயக்கூடிய நடைமுறை வழி எழுத்தாணையே.

நீதிமன்றம் எதனை ஆராயும்? சட்டவிரோதம், பகுத்தறிவுக்கு ஒவ்வாமை, நடைமுறைத் தவறு என 1984இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் டிப்லொக் பிரபு வகுத்துரைத்த மூன்று காரணங்களும் நமது நீதிமன்றங்களுக்கு நன்கு பழகியவை. அறிவித்தல் விடுத்தவர் உண்மையிலேயே தகுதிவாய்ந்த அதிகாரிதானா? காணி அரச காணிதானா? அதன் எல்லை தெளிவாகக் குறிக்கப்பட்டதா? முப்பது நாள் கொடுக்கப்பட்டதா? சட்டம் கருதாத வேறு நோக்கத்துக்காக அதிகாரம் பயன்படுத்தப்பட்டதா? இவை கேட்கத் தகுந்த கேள்விகள். கேட்குமிடம் கொழும்பு புதுக்கடை!

இங்கேதான் அநீதி ஒளிந்திருக்கிறது. வெளியேற்ற விரும்பும் அதிகாரி அயலிலுள்ள நீதவானிடம் போனாற் போதும். வெளியேற்றப்படுபவனோ இராகலையில் பஸ் ஏறித் தலைநகர் சேர வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட்பெயரை இழக்க வேண்டும். கொழும்புச் சட்டத்தரணிக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஒரே காணி, ஒரே வழக்கு. வாளுக்கு அருகில் ஒரு நீதிமன்றம், கேடயத்துக்குத் தொலைவில் ஒரு நீதிமன்றம்.

எழுத்தாணை என்ற கருவி எட்டியவன் கைக்கே பயன்படும் என்பதை நமது வரலாறும் காட்டும். கோடகன் பிள்ளை வழக்கில், வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்குமாறு பிறந்த கட்டளையை, எழுத்தாணை பெற்று நீக்கியது அதிகாரிகளின் தரப்பு. 1953இல் பிரிவுக் கவுன்சிலும் அதனை உறுதிசெய்தது.

காணி மத்திய அரசுக்குரியதாயின் வழக்கும் மத்தியில் நடப்பதே பொருத்தம் என்பர் சிலர். காணி எவருக்குரியது என்பது வேறு. முறையீட்டை எங்கே கேட்பது என்பது வேறு. மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு வேறு நியாயாதிக்கங்களையும் பாராளுமன்றம் சட்டத்தால் வழங்கலாம் என்று அரசியலமைப்பின் 154பி உறுப்புரையே கூறுகிறது. அவ்வாறே 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் குடியியல் மேன்முறையீடுகளை மாகாணங்களுக்குக் கொண்டுவந்தது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? வெளியேறல் அறிவித்தல்கள் பற்றிய எழுத்தாணை அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்தோடு மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் வழங்கும் சட்டத்தைக் கொண்டுவருமாறு மலையகத்தின் வாக்குப் பெற்றுச் சென்ற ஒவ்வோர் உறுப்பினரையும் கேட்கிறோம்.

அதுவரை நமது மக்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். அறிவித்தல் கிடைத்த நாளைக் குறித்துவையுங்கள், மூலப்பிரதியைத் தொலைக்காதீர்கள். அனுமதிப்பத்திரம், கடிதம், பற்றுச்சீட்டு எதுவாயினும் திரட்டுங்கள். அலுவலகத்திலுள்ள கோவையின் பிரதியை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். எழுத்தாணை மனுவுக்குச் சத்தியக்கடதாசியும் உறுதிப்படுத்திய பிரதிகளும் வேண்டும். உண்மையை மறைத்தவனுக்கும் காரணமின்றித் தாமதித்தவனுக்கும் நீதிமன்றம் கைகொடாது. பணமில்லையே என்று சோர்ந்திராமல் சட்ட உதவி ஆணைக்குழுவை உடனே நாடுங்கள்.

சலுகை கேட்டு நாம் இதனை எழுதவில்லை. மணி ஏற்கெனவே இருக்கிறது. அது வலப்பனை மக்களின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும் என்கிறோம். அதைச் செய்ய வேண்டியது பாராளுமன்றத்தின் கடமை. செய்யும்வரை வற்புறுத்துவது நமது கடமை.