தோற்கும் கோஷ்டியும் தடுமாறும் இளைஞரும்

ஒரு விளையாட்டுக் கோஷ்டி தொடர்ந்து தோல்வியுறுங்கால், காண்போரது கண் முதலிற் சென்று பதிவது அதன் இளைய ஆட்டக்காரர்மீதேயாம். மூத்தோர் பிழை பழைய புகழில் மறைந்துபோக, இளையோர் பிழையே யாவர்க்கும் புலனாகின்றது. அவரை வெளியே அமர்த்துக என்னும் கூக்குரலும் உடனே எழுகின்றது. அங்ஙனம் அமர்த்துதல் தக்கதோ என்பதனை, வட அமெரிக்காவில் பனித்தளத்தின்மேல் ஆடப்பெறும் ஹாக்கியில் அண்மையில் நிகழ்ந்த இரண்டு செய்திகளைக் கொண்டு ஆராய விரும்புகிறோம்.

2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்வாட்டத்தின் தேசிய லீக்கைச் சேர்ந்த கோஷ்டிகள் புதிய ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்தபொழுது, மான்ட்ரியல் கோஷ்டியார் யாவரினும் முதல்வராகத் தெரிந்தது, ஸ்லோவாக்கிய நாட்டினராகிய யூராய் ஸ்லாப்கோவ்ஸ்கி என்னும் 18 வயது இளைஞரை. முதற் பருவத்தில் அவர் ஆடிய பந்தயங்கள் 39. அடித்த கோல்கள் 4 மாத்திரமே. பின்னர்க் காயமுற்று ஒதுங்கினார். கோஷ்டியோ தன் பிரிவிற் கடைசியாய் நின்றது. அவரைக் கீழ்நிலைக் கோஷ்டிக்கு அனுப்புதலே நன்றென்று பலர் வாதித்தனர். கோஷ்டியார் அதற்கு இசைந்திலர். அடுத்த பருவத்தில் பயிற்சியாளர் மார்ட்டின் சான் லூயி, தம்மிடமிருந்த சிறந்த ஆட்டக்காரராகிய சுசூக்கி, காஃபீல்டு என்னும் இருவரோடும் அவரைச் சேர்த்து ஆடவிட்டார். அப்பருவத்தின் 82 பந்தயங்களிலும் ஆடிய இளைஞர் 20 கோல்கள் அடித்தார். அவ்வாண்டும் கோஷ்டி தன் பிரிவிற் கடைசியே. ஆயினும் 2024-25 பருவத்தில் அது கோப்பைக்குரிய மேற்சுற்றுப் பந்தயங்களுக்குத் தகுதி பெற்றது.

இதனை மாத்திரம் நோக்குவோர், அமர்த்துதல் எஞ்ஞான்றும் தீதென்பர். அஃது எமக்கு உடன்பாடன்று. அதே தேர்வில் நான்காமவராகத் தெரியப்பெற்றவர் சியாட்டில் கோஷ்டியின் ஷேன் ரைட். 2024 நவம்பரில் அவரது ஆட்டம் தளர்ந்திருந்தமையின், மூன்று பந்தயங்களில் அவர் வெளியே அமர்த்தப்பட்டார். மீண்டு வந்தபின் அவரது ஆட்டம் தேறியது. 19 கோல்களோடு அப்பருவத்தை முடித்தார். அக்கோஷ்டிக்கும் அவ்வாண்டு வெற்றியினும் தோல்வியே மிகுதி.

அமர்த்துதல் மருந்து போல்வது. அளவும் காலமும் அறிந்து கொடுக்கத் தக்கது. 82 பந்தயங்களில் மூன்றை வெளியிலிருந்து காண்பது, களைத்த மனத்துக்கு ஓய்வும் தெளிவும் தரக்கூடும். ஆனால் கோஷ்டியின் தோல்வி முழுவதையும் ஒருவர் தலையிற் சுமத்தி, மீளும் நாள் இன்னதென்று கூறாது ஒதுக்கிவைத்தல் தண்டனையேயாம்.

தகுதியற்றவர் ஆடுங்கால் தகுதியுடையவர் இடமிழக்கின்றனரே என்று சிலர் ஆட்சேபிப்பர். பட்டத்துக்கு நெருங்கி நிற்கும் கோஷ்டிக்கு இவ்வாட்சேபம் வலிமையுடையதே. அடியில் நிற்கும் கோஷ்டி, அனுபவமிக்க ஒருவரை ஆட்டி இன்னும் இரண்டொரு வெற்றி பெறுவதனால் அடையும் பயன் சிறிது. இளைஞர் ஒருவர் பழகித் தேறுவதனால் அதற்கு வரும் ஆண்டுகளில் உண்டாகும் பயனோ பெரிது. ஆதலின், தோற்கும் கோஷ்டிக்கே பொறுமை எளிதிற் கைகூடும் என்பது எமது கருத்து.

கல்லூரிக் கோஷ்டிகளின் தலைவர்களும் இதனைச் சிந்திப்பாராக. தொழிலாக ஆடுவோர்க்குப் பல பருவங்கள் உண்டு. மாணாக்கர்க்கோ மூன்றாண்டே உண்டு. முதலாண்டிலேயே காரணம் கூறாது விலக்கப்பட்டவர் மீண்டும் மட்டையெடுக்கக் கூசுவர். எனவே, ஒருவரை அமர்த்த நேரின் அவரைத் தனியே அழைத்து, குறை இன்னது, பயிலவேண்டுவது இன்னது, மீண்டும் ஆடுவது இன்ன பந்தயத்தில் என்னும் மூன்றையும் அறிவித்தல் வேண்டும். இம்மூன்றையும் சொல்ல இயலாத தலைவர், அவரை அன்றைய ஆட்டத்தில் இறங்கவிடுதலே முறையாம்.