கவனக்குறைவு யாருடையது?

கம்பெனி வாசலில் ஒரு பச்சைப் பலகை. "விபத்தில்லா நாட்கள்" என்று எழுதி, பக்கத்தில் எண்களை மாட்ட மூன்று கொக்கிகள். தினமும் காலையில் அந்த எண்ணை மாற்றுவது என் வேலை. நான் கடைசியாக மாட்டிய எண் 212. அது பொய். அந்தப் பொய்யில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பதால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் தொழிற்பாதுகாப்பு அதிகாரி. திருப்பூர்ப் பக்கம் ஓர் ஆயத்த ஆடை கம்பெனியில் இருந்தேன். 1000 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். சட்டம் கேட்டது, என்னை வைத்தார்கள். தொழிலாளியைக் காப்பது என் கடமை. எனக்குச் சம்பளம் தருவது முதலாளி. இந்த முரணைப் படிப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஒருநாள் மதியம் தையல் மெஷின் ஊசி ஒரு பெண்ணின் ஆட்காட்டி விரலில் இறங்கி உள்ளேயே முறிந்தது. விபத்துப் பதிவேட்டில் "காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் எழுதியது: தொழிலாளியின் கவனக்குறைவு.

நடந்தது வேறு. ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டிய நீடில் கார்டைக் கழற்றி வைத்திருந்தார்கள், நூல் கோக்க நேரமாகிறது என்று. ஏற்றுமதி தேதி நெருங்கியதால் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கை அன்று காலைதான் கூட்டியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். விரலில் ஊசி இறங்கிய நிமிடத்தில் சூப்பர்வைசர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான். இதில் எது அவளுடைய கவனக்குறைவு?

மறுநாள் காலை கம்பெனி வேனை அனுப்பி அவளை அழைத்து வந்து, கட்டுப்போட்ட கையோடு செக்கிங் டேபிளில் உட்கார வைத்தார்கள். இரக்கத்தால் அல்ல. காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால்தான் அரசுக்கு விபத்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவள் உட்கார்ந்திருந்தாள், ஆகவே விபத்து நடக்கவில்லை. பலகையில் 118 இருந்தது. நான் 119 மாட்டினேன்.

எங்கள் துறையில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. ஆபத்தை முதலில் அடியோடு நீக்கு. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை மாற்றாக வை. அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்துக்குத் தடுப்புப் போடு. பிறகு வேலைமுறையை மாற்று. எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் முகக்கவசம், கையுறை. தொழிலாளியின் உடம்புக்கு வருவது கடைசியில். ஆனால் பெண்கள் வேலை செய்யும் கம்பெனிகளில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது. முதலிலேயே அவள் உடம்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். துப்பட்டாவைக் கட்டு, பின்னலைச் சுருட்டு, வளையலைக் கழற்று, பேசாதே, சிரிக்காதே. சுற்றும் இயந்திரத்தில் முடி சிக்கும், அது உண்மைதான். ஆனால் சுற்றும் பாகத்தை மூடி வைப்பது முதலாளியின் சட்டக் கடமை. மூடி இல்லாத பெல்ட்டை விட்டுவிட்டுப் பின்னலைக் கேள்வி கேட்பது எனக்குப் புதிதல்ல. தெருவில் ஒருத்தி சீண்டப்பட்டால் அவள் உடையைக் கேட்கும் அதே வாய்தான் இங்கேயும் கேட்கிறது.

பதிவேட்டில் ஏறாத ஆபத்துகளைச் சொல்கிறேன். ஒரு லைனுக்கு ஒரு கழிப்பறை டோக்கன். அது திரும்பி வரும்வரை அடுத்தவள் அடக்கிக்கொள்ள வேண்டும். "தண்ணி குடிச்சா போகோணுமுங்க மேடம், அதனால குடிக்கறதே இல்லீங்க" என்றார் ஒரு அக்கா. சிறுநீர்த் தொற்றோடு வருடக்கணக்கில் தைக்கிறார்கள். மாதவிலக்கு வலிக்கு உறையில்லாத மாத்திரை கொடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் பெயர் தெரியாத மாத்திரைகளைப் பெண்களுக்குக் கொடுப்பதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை செய்தியாக வெளியிட்டது. நூற்பாலைகளில் பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுத்து வரும் 'பிசினோசிஸ்' சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ள நோய். விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். அப்படி மூச்சு வாங்கும் பெண்ணிடம், "லீவுல ஊருக்குப் போய் ஆடிட்டு வந்தியா?" என்று கேட்கிறார்கள். முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற அப்போதைய விதிக்காக ஓர் அறை இருந்தது. ஆடிட் வரும் நாளில் தொட்டில் வரும். மற்ற நாட்களில் அட்டைப்பெட்டிகள்.

சட்டம் பெண்ணை அறியாததல்ல. ஓடும் இயந்திரத்தில் எண்ணெய் போடக் கூடாது, இரவு 7 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று அவளை எங்கே விடக்கூடாது என்பதை நன்றாக அறிந்திருந்தது. இரவு வேலைத் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் செல்லாது என்றது. 2020இன் புதிய சட்டத் தொகுப்பு, பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலை என்கிறது. இரவில் வேலை செய்யும் உரிமை நமக்கு வேண்டும். ஆனால் ஹாஸ்டலில் தங்கி, வெளியே போக வார்டனிடம் அனுமதி கேட்கும் பத்தொன்பது வயதுப் பெண் "மாட்டேன்" என்று சொல்லும் வழி எது? வேலைக்குச் சேரும் நாளில் நீட்டும் பத்துக் காகிதங்களோடு சம்மதப் படிவமும் நீட்டப்பட்டால் அது சம்மதம் அல்ல.

மறுக்க முடியாத இடத்தில் பாதுகாப்பு இல்லை. டாக்கா அருகே ராணா பிளாசா 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,100க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சுவரில் விரிசல் முந்தைய நாளே தெரிந்தது. தொழிலாளர்கள் அதைப் பார்த்தார்கள், உள்ளே போகத் தயங்கினார்கள். வேலையும் சம்பளமும் போய்விடும் என்ற மிரட்டல்தான் அவர்களை உள்ளே அனுப்பியது. ஆபத்தைக் கண்டுபிடிக்க அங்கே நிபுணர் தேவைப்படவில்லை. கண்டதைச் சொன்னவர்களின் பேச்சுக்கு மதிப்பில்லாமல் இருந்தது.

"பெண் அதிகாரிகள் வந்தால் எல்லாம் மாறும்" என்பார்கள். நான் பெண்தான். "கவனக்குறைவு" என்று எழுதியதும் நான்தான். "கெடுபிடி செய்தால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்" என்பார்கள். அந்த வேறு நாட்டிலும் இதையே சொல்கிறார்கள்.

மாற்றம் எங்கே நடந்தது என்று பார்த்தால் வழி தெரியும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஒரு தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு, தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022இல் திண்டுக்கல் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. பாலியல் தொல்லையையும் சாதி ஒடுக்குமுறையையும் அது பணியிடப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றது. லைனில் வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பாளர்களானார்கள். ஒரு பாதுகாப்பு அதிகாரியாகச் சொல்கிறேன்: என் பயிற்சிச் சான்றிதழால் செய்ய முடியாததைச் சங்கம் செய்தது.

212ஆம் நாள் இஸ்திரிப் பிரிவில் ஒரு கர்ப்பிணி மயங்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். "காலைல சாப்பிடாம வந்துருக்கு மேடம், அதை எழுதிடுங்க" என்றார் மேனேஜர். நான் எழுதியது: கடும் வெப்பம், நாள் முழுக்க நின்றே வேலை, தண்ணீர் குடிக்க இடைவேளை இல்லை. பலகையில் பூஜ்யம் மாட்டினேன். மறுநாள் நான் வருவதற்குள் வாட்ச்மேனை வைத்து 213 மாட்டியிருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன்.

கழிப்பறைக்கு டோக்கன் வேண்டாம். பாதுகாப்புக் குழுவில் நிர்வாகம் பொறுக்கிய பெண்கள் வேண்டாம், தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த பெண்கள் வேண்டும். ஆபத்தான வேலையை மறுத்தால் சம்பளம் பிடிக்கக் கூடாது. விபத்துப் பதிவேட்டின் "காரணம்" கட்டத்தை, காயம்பட்டவர் வாசித்து ஒப்புக்கொள்ளாமல் யாரும் மூடக் கூடாது.

இந்தத் துறைக்குப் படிக்கும் தங்கைகளுக்கு ஒன்று. முதல் விபத்து உங்கள் மேசைக்கு வரும்போது, அந்தக் கட்டத்தை நிரப்பும் முன் எழுந்து லைனுக்குப் போங்கள். காயம்பட்டவள் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் பெண்ணிடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்தப் பெண்ணுக்குத் தெரியும். நான் அன்று கேட்கவில்லை.